தண்ணீர் கேட்காத தரை

அவரை எல்லோரும் தண்ணி மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்முறை கேட்பவர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு இங்கே இடமே இல்லை. தேநீரைத் தாண்டி வேறெதையும் வாயில் வைக்காத மனிதர். கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து அதற்குத் தண்ணீர் காட்டுவதில் அவருக்கு இருந்த வெறிதான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. மற்ற மேஸ்திரிகள் ஏழு நாள் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். இவர் இருபத்தெட்டு நாளும் விடமாட்டார். மணலில் பாத்தி கட்டி, தளத்தின் மேல் தண்ணீரை நிறுத்தி, காலையும் மாலையும் வந்து விரலை விட்டு ஆழம் பார்ப்பார். ஒருமுறை கடுங்காய்ச்சலில் படுத்திருந்தபோது, "ரெண்டாவது மாடிக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று பிதற்றினாராம். இதை அவர் மனைவியே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, தண்ணீரே கேட்காத கான்கிரீட்டை உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். தலையெழுத்து என்பது இதுதான்.

அவள் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் ரசாயனம் பார்க்கிறவள். அங்கே அவளுக்குப் பெயர் சாம்பல் டாக்டர். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலையும், இரும்பு உருக்காலை கழித்துப் போடும் கசடையும் பொடித்து, காரக் கரைசல் ஒன்றில் குழைத்தால் அது பாறையாக இறுகிவிடும். சிமெண்ட் ஒரு பிடிகூட வேண்டாம். சிமெண்டுக்காக மலையை வெட்ட வேண்டாம், சூளை வைத்து எரிக்க வேண்டாம், அந்தப் புகையும் வேண்டாம். ஜியோபாலிமர் என்று அதற்குப் பெயர். மேஸ்திரிக்கு அந்தச் சொல் கடைசிவரை பிடிபடவில்லை. "உன் சாம்பல்" என்றே சொல்லி வந்தார். ஆரம்பத்தில், சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கலாம், பாலம் கட்ட முடியுமா என்று நக்கலடித்தவர்தான். அவள் ஒருநாள் கை அளவு கட்டி ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, உடையுங்கள் பார்ப்போம் என்றாள். மூன்றாவது அடியில் சுத்தியலின் பிடி கழன்று வந்தது. அதற்குப் பிறகு நக்கலின் சத்தம் குறைந்தது.

பதினோரு வருடம் இப்படிப் போனது. கட்டிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கை அளவுக் கட்டியின் மேல் யாரும் வண்டி ஓட்டுவதில்லையே. கடைசியில், அரசுக் கட்டுமானத் துறையின் பெரிய பொறியாளர் ஒருவழியாக இறங்கி வந்தார். பேருந்துப் பணிமனையில் பன்னிரண்டு பழுதுபார்க்கும் கூடங்கள் இருந்தன. எல்லாவற்றின் தரையும் பெயர்ந்து கிடந்தது. அதில் ஒன்றை மட்டும் அவளுடைய கலவையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். இருபத்தெட்டாம் நாள் தரையைத் துளைத்து எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். தேறினால் மிச்சம் பதினொன்றும் அதே கலவையில். தேறாவிட்டால் தரையை உடைத்து அள்ளிப் போட்டுவிட்டு, ஆய்வகத்தில் அவளுடைய பிரிவையும் மூடிவிடுவார்கள். பெயிண்ட் பிரிவுக்காரர்கள் ஏற்கெனவே அவள் அறைக்கு வந்து, சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே நாடாவைப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தரை போட அவள் வேறு யாரையும் தேடவில்லை. அந்தக் கலவை பிசின் மாதிரி கரண்டியைப் பிடித்து இழுக்கும். சீக்கிரம் இறுகியும் விடும். அதை வழிக்குக் கொண்டுவர நல்ல கை வேண்டும், தன் வீட்டிலேயே அந்தக் கை இருக்கும்போது வெளியே போவானேன் என்றாள். மேஸ்திரிக்கு அதைக் கேட்டதும் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. கலவை வண்டியை ஓட்ட அவளுடைய அண்ணனே வந்தார். அவர் தடித்த மீசையும் அதைவிடத் தடித்த வாயும் உள்ளவர்.

தரை போடுவதற்கு முந்தைய நாள் அவள் கணவரை உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னாள். இறுகினதும் பாலித்தீன் விரிப்பால் மூடிவிட வேண்டும், ஏழு நாள் திறக்கக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. சிமெண்ட் தண்ணீர் குடித்து வளரும். இது அப்படியில்லை, இதற்குக் கதகதப்பு போதும். இளசாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் உள்ளே இருக்க வேண்டிய காரம் வெளியே கசிந்து வந்துவிடும். அந்த ஏழு நாளும் தரைக்குக் காவல் நீங்கள்தான் என்றாள். மேஸ்திரி தலையாட்டினார். அவள் விடவில்லை.

"வாயால சொல்லுங்க."

"ஊத்த மாட்டேன்."

"எவ்வளவு வெயில் அடிச்சாலும்?"

"ஏம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

வெள்ளிக்கிழமை தரை போட்டார்கள். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கூடத்தை நடுவில் ஒரு இணைப்புக் கோட்டால் இரண்டு பாதியாகப் பிரித்து, முதலில் வலது பாதி, அடுத்து இடது பாதி. முதல் பாதிக்கு ஒரு பீப்பாய்க் கரைசல், இரண்டாவதற்கு இன்னொரு பீப்பாய். இரண்டையும் அவளே நிறுத்துக் கலக்கியிருந்தாள். மட்டப்பலகை பிடித்து மேஸ்திரி பின்னால் நகர நகர, தரை இருண்ட சாம்பல் நிறத்தில் பளபளவென்று விரிந்தது. இருபத்தாறு வருடத் தொழிலில் இவ்வளவு அழகான மட்டம் தனக்கு வந்ததில்லை என்று அவர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டதோடு நிற்காமல், டீக்கடைக்காரரிடமும் பணிமனைக் காவலாளியிடமும் வாய்விட்டே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பணிமனைக்கு விடுமுறை. மேஸ்திரிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எட்டி மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

காற்றில் இடது பாதியின் விரிப்பு பறந்து ஓரமாகச் சுருண்டு கிடந்தது. கூரைத் தகட்டின் இடைவெளி வழியாக வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் விரிப்பை இழுத்து மூடிவிடத்தான் போனார். போகிற போக்கில் உள்ளங்கையைத் தரையில் வைத்தார். தரை சுட்டது. ஓரங்கள் வெளுத்து, காய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

இருபத்தாறு வருடமாக அந்தக் கை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சூடாக இருக்கிற புதுக் கான்கிரீட் தண்ணீருக்குத் தவிக்கிறது. மனைவி சொன்னது மூளையில் இருந்தது. ஆனால் கை மூளையைக் கேட்கவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு வாளி தெளிப்போம், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். வாளித் தண்ணீர் பட்டதும் வெளுத்த இடம் கருத்துக் குளிர்ந்தது. அவர் மனமும் குளிர்ந்தது. பிறகு ரப்பர் குழாய் வந்தது. அதன் பிறகு, ஊற்றுவதுதான் ஊற்றுகிறோம், அரைகுறையாக ஊற்றுவானேன் என்று மூலையில் கிடந்த மணலை அள்ளி, இடது பாதியைச் சுற்றி அருமையாகப் பாத்தியும் கட்டிவிட்டார். தண்ணீர் ததும்பி நின்றது. அவருக்குப் பரம திருப்தி. வலது பாதியின் விரிப்பையும் எடுத்துவிடலாம் என்று அதன் மேலிருந்த பலகையில் கை வைத்தபோதுதான், வண்டியைக் கழுவ வந்த மச்சான் உள்ளே நுழைந்தார்.

மச்சான் நேராகப் போய்க் குழாயை மூடினார். அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

"மாப்ள, இது என்ன காரியம்?"

மேஸ்திரி தண்ணீரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு பேருமாகப் பாத்தியை உடைத்து, தண்ணீரைத் தள்ளி, சாக்குகளைப் போட்டு ஒற்றி எடுத்து, மணலைக் கூட்டி, விரிப்பை மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார்கள். முடிப்பதற்குள் இருவருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. இதைத் தங்கச்சியிடம் சொன்னால் நம்மையும் சாம்பலோடு சேர்த்துக் கலக்கிவிடுவாள் என்றார் மச்சான். முக்கால் மணி நேரத் தண்ணீர் என்ன பெரிதாகச் செய்துவிடும், உள்ளே ஒன்றும் போயிருக்காது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லித் தைரியப்படுத்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவளே வந்து விரிப்பை எடுத்தாள். வலது பாதி கருகருவென்று கண்ணாடி போலக் கிடந்தது. இடது பாதி முழுக்க மாவு கொட்டினதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, கையுறை விரலால் அந்த வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தாள். காரம் கசிந்திருக்கிறது என்றாள். பிறகு தலையைத் திருப்பிக் கேட்டாள்.

"தண்ணி ஏதாவது பட்டுச்சா?"

"காக்கா கூட எட்டிப் பார்க்கல," என்றார் மச்சான், கேள்வி முடிவதற்குள்.

அவள் கண் கணவர் மேல் வந்தது. மேஸ்திரி இருமினார். இருமல் முடிந்ததும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அதுதான் அவரை அறுத்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே கொட்டியிருப்பார்.

அடுத்த நான்கு நாள் வீடு வீடாக இல்லை. வலது பாதி நன்றாக இருக்கிறது, இடது பாதி பூத்துவிட்டது. அப்படியானால் இரண்டாவது பீப்பாயில்தான் கோளாறு, அதை நிறுத்தது நான்தான் என்று அவள் தன்மேலேயே வழக்குப் போட்டுக்கொண்டாள். தராசைப் பிரித்துச் சோதித்தாள். மிச்சமிருந்த கரைசலை மறுபடி அளந்தாள். அது சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் இன்னும் குழம்பினாள். சாம்பலா, கசடா, மூட்டையா, கலக்கிய நேரமா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்துவிட்டு, பாதி சாப்பிட்டு எழுந்து போனாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மேஸ்திரிக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஒரு சொட்டுகூட என்று அவள் சொன்னதும், நான் என்ன சின்னப் பிள்ளையா என்று தான் கேட்டதும் காதிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சீக்கிரமே ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். போகும் முன், பெரிய பொறியாளருக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னாள். காரணம் தெரியாத ஒரு பொருளை நம்பி, பேருந்தை ஏற்றுங்கள் என்று தன்னால் சொல்ல முடியாதாம். மிச்சக் கூடங்களுக்குச் சிமெண்டே போட்டுக்கொள்ளட்டுமாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அவள் கத்தியிருந்தால் மேஸ்திரி தாங்கியிருப்பார்.

சாப்பாட்டு மேசை மேல் அவளுடைய நோட்டு திறந்தே கிடந்தது. வெள்ளைப் பூப்புக்கு என்னவெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். ஏழெட்டு இருந்தன. முதலாவதாக இருந்தது தண்ணீர். அதற்குக் கேள்விக்குறி இல்லை. அதை மட்டும் அழுத்திக் கோடு போட்டு அடித்திருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில், "வாய்ப்பே இல்லை. காவலுக்கு இருந்தது என் வீட்டுக்காரர்" என்று எழுதியிருந்தது.

மேஸ்திரி அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படிக்க முடியாமல் எழுத்து மங்கியது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மச்சான் விட்டுப்போன செருப்புமாக ஆய்வகத்துக்கு ஓடினார்.

அவள் கணினி முன்னால் இருந்தாள். அறை முழுக்கக் கட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் தேதி. வாசலிலேயே நின்றுகொண்டு மேஸ்திரி மூச்சு வாங்கினார்.

"நான்தான் ஊத்தினேன்."

"எதை?"

"தண்ணி. ஞாயித்துக்கிழமை. இடது பாதி முழுக்க."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு, வரப்போகிறதற்குத் தயாராக நின்றார். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவள் கையில் பென்சில் இருந்தது.

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு இருக்கும்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"முக்கா மணி நேரம். பாத்தி கட்டியிருந்தேன்."

"பாத்தி வேற கட்டினீங்களா?"

"ரெண்டு விரல் உயரத்துக்கு."

"வலது பாதி?"

"தொடவே இல்ல. உங்க அண்ணன் வந்து குழாயை மூடிட்டாரு."

"ஓ, அண்ணனும் கூட்டா," என்று அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மேஸ்திரி பதறிப்போய்க் கிட்டே ஓடினார். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அதைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நீங்க கெடுத்ததா இது? நான் கெடுக்கல. உங்களுக்குப் புரியுதா? கரைசல்ல தப்பில்ல. தராசுல தப்பில்ல. பதினோரு வருஷத்துல தப்பில்ல."

தான் செய்த குற்றம் இன்னொருவருக்கு இவ்வளவு நல்ல செய்தியாக இருக்கும் என்று மேஸ்திரி கனவிலும் நினைத்ததில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"ஊத்தினதை விட்டுடறேன். அது உங்க கை பண்ணின வேலை. ஆனா நான் கேட்டப்ப மரம் மாதிரி நின்னீங்களே, அதை மறக்க எனக்கு நாளாகும்."

"தெரியும்," என்றார் மேஸ்திரி. வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

இதைக் கேள்விப்பட்ட ஆய்வகத் தலைவர் ஒரு யோசனை வைத்திருந்தார். மேலே பூத்த வெள்ளையைத் தேய்த்து எடுத்துவிடலாம். சோதனைக்கு வலது பாதியில் மட்டும் துளைக்கச் சொல்லலாம். நடந்ததைப் பெரிய பொறியாளரிடம் சொல்வானேன். சாம்பல் டாக்டர் முடியாது என்றாள். மூடி மறைத்து நான்கு நாள் பட்டதே போதும் சார் என்று மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். பழைய கடிதத்தை அழித்துவிட்டு அவள் புதிதாக எழுதினாள்: இரண்டாம் நாள் இடது பாதியில் மேஸ்திரி முக்கால் மணி நேரம் தண்ணீர் கட்டிவிட்டார், இரண்டு பாதியையும் தனித்தனியே சோதிக்கவும். அதற்குப் பதில் இரண்டே வரியில் வந்தது. சோதிப்போம், இதில் எந்தப் பாதி தோற்றாலும் முழுத் தரையும் தோற்றதாகக் கொள்ளப்படும். பெயிண்ட் பிரிவுக்காரர்கள் இன்னொரு முறை நாடாவோடு வந்து போனார்கள்.

இனி எல்லாம் மேஸ்திரி ஊற்றிய தண்ணீரின் கையில்தான் இருந்தது. அடுத்து வந்த நாட்களில் அவர் தினமும் பணிமனைக்குப் போய் இடது பாதியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள் பெரிய பொறியாளர் வந்தார். பேச்சு குறைவு, முகமோ கசாயம் குடித்த முகம். இடது பாதியை முதலில் காட்டுங்கள் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துத் தரையைக் கீறினார். மேலே மெல்லிய ஏடாகப் பொடி உதிர்ந்தது. பொறியாளர் இன்னும் அழுத்திக் கீறினார். இப்போது ஆணி வளைந்தது. அவர் வளைந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். துளைக்கும் இயந்திரம் வந்தது. பாதிக்கு மூன்று என்று ஆறு உருளைகளை எடுத்து, எண் போட்டு, எல்லோருமாக ஆய்வகத்துக்குப் போனார்கள்.

நசுக்கும் இயந்திரத்தில் எண் முப்பதைத் தாண்ட வேண்டும். அலகின் பெயர் மேஸ்திரிக்கு வாயில் நுழையாது. முப்பது என்பது மட்டும் தெரியும். வலது பாதியின் உருளைகள் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தொன்று என்று போய்ப் படாரென்று வெடித்தன. அடுத்து இடது. முதலாவது முப்பத்து நான்கு. இரண்டாவது முப்பத்து மூன்று. மூன்றாவதை ஏற்றியபோது மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எண்ணை மச்சான் படித்துச் சொன்னார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. அதற்குப் பிறகு மச்சானும் படிப்பதை நிறுத்திவிட்டார். வெடித்த சத்தம் கேட்டு மேஸ்திரி திரும்பியபோது எண் முப்பத்தைந்தில் நின்றிருந்தது. அவள் அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்தாள். பொறியாளர் இருக்கிறாரே என்று மேஸ்திரிக்குக் கூச்சம். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பெரிய பொறியாளர் தாளில் எண்களைக் குறித்து முடித்தார். பிறகு வாய் திறந்தார்.

"ஆரம்பத்துலேருந்தே எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு. நாளைக்கு இது நாலு இடத்துக்குப் போனா, எல்லா மேஸ்திரியும் பழக்க தோஷத்துல தண்ணி ஊத்துவாங்க. ஊத்தாதேன்னு எழுதி ஒட்டினாலும் ஊத்துவாங்க. ஊத்தினா என்ன ஆகும்னு கேக்க இருந்தேன். பதினோரு வருஷமா இங்க யாருக்கும் தோணாத சோதனையை ஒருத்தர் பண்ணியே காட்டிட்டாரு."

அவர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "ஏன்யா ஊத்தினீங்க?"

"தாகமா இருக்குமோன்னு நெனச்சேன் சார்."

கசாய முகம் உடைந்தது. பெரிய பொறியாளர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே பதினொரு கூடத்துக்கும் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். எல்லாத் தரையையும் இதே மேஸ்திரிதான் போட வேண்டும்; அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர்க் கதையை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கதையை மேஸ்திரி பதினொரு முறை சொன்னார். சொல்லச் சொல்லப் பாத்தியின் உயரம் ஏறிக்கொண்டே போனது. கடைசிக் கூடம் வந்தபோது அதில் முட்டளவு தண்ணீர் நின்றிருந்தது.

ஆனால் அதெல்லாம் பின்னால். கையெழுத்தான மறு வாரம், இடது பாதியின் மேல் ஏட்டை இயந்திரம் வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். உள்ளிருந்து கருங்கசடும் வெள்ளைக் கல்லும் கலந்து, யாரும் எதிர்பாராத அழகில் தரை மினுங்கியது. வலது பாதியையும் இப்படியே தேய்த்துத் தரச் சொல்லிப் பணிமனைக்காரர்கள் நச்சரித்தார்கள். அதுவும் ஆனது. திங்கட்கிழமை காலை முதல் பேருந்து வந்தது.

ஆய்வகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், பணிமனை ஆட்கள், மச்சான், பெயிண்ட் பிரிவுக்காரர்கள்கூட, எல்லோரும் கூடத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். முன்சக்கரம் தரையில் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. பத்து டன் வண்டி நடுவில் வந்து பெருமூச்சு விட்டு நின்றது. தரை இம்மி அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டுநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை நிறுத்தியதற்கு யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை. எதையாவது இடித்துவிட்டோமோ என்று இறங்கி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

சாம்பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. அவள் மேஸ்திரியின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஏறிடுச்சா?" என்று கேட்டாள்.

"நீ பார்க்கலையா?"

"கண்ணை மூடிட்டேன்."

ஆயிரம் கட்டியைக் கண்கொட்டாமல் நசுக்கிப் பார்த்தவள் சொன்ன பதில் இது. மேஸ்திரி ஓட்டுநரிடம் போனார். தன் வாழ்க்கையில் யாரிடமும் இவ்வளவு பணிவாக எதையும் கேட்டதில்லை.

"அண்ணே, சிரமம் பார்க்காம இன்னொரு தடவை பின்னால எடுத்து ஏத்துங்க. எங்க வீட்டுல சரியா பார்க்கல."

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். அவள் முன்வரிசைக்கு வந்து நின்றாள். இந்த முறை கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, முன்சக்கரம் ஏறுவதையும் பின்சக்கரம் ஏறுவதையும் வண்டி நிற்பதையும் முழுசாகப் பார்த்தாள். பார்த்து முடித்து, எல்லோரையும்விடச் சத்தமாக அவளே கைதட்டினாள்.